ஏழாம் சாட்சி உன் அம்மாதான், அருள்

அருளு,

மெஸ்ஸில் சோறு வேகிறதா, ரூமில் கொசு கடிக்கிறதா என்றெல்லாம் நான் கேட்கப்போவதில்லை. அதையெல்லாம் நீ அடுத்த வீட்டு ஷாஹிதாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவாய், அவள் குழாயடியில் எனக்குச் சொல்லிவிடுவாள். பெற்ற பிள்ளைக்கு வயிற்றுவலி என்ற சேதியைப் பக்கத்து வீட்டுக்காரி வாயால் கேட்கிற பாக்கியம் எத்தனை தாய்க்குக் கிடைக்கும், சொல். அவள் உனக்கு அம்மி, நான் உனக்கு அம்மா. கூப்பிடுகிறபோது அவளுக்குத்தான் குரலில் கொஞ்சம் சர்க்கரை ஜாஸ்தி. போகட்டும். அவளாவது வெளியே இருக்கிறாள். அவள் மகன் இம்தியாஸ் இரண்டு வருஷத்துக்கு மேலாக ஜெயிலில் கிடக்கிறான், அவன் மேலும் எனக்குப் பொறாமைதான். ஜெயிலில் இருக்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் இந்த ஆம்பூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வாரம் நீ கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு வந்தாய். மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்தோம். முதல் பத்திரிகை உன் தாய்மாமனுக்கு என்று நான் அணைக்கட்டு பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீ மேலாக இருந்த ஒன்றை எடுத்து உன் பையில் வைத்தாய். "இது இம்தியாஸுக்கும்மா. சனிக்கிழமை அவனப் பார்க்க மனு போட்டிருக்கேன்" என்றாய். "ஜெயிலுக்காடா முதல் பத்திரிகை? மாமன் கேட்டா இன்னா சொல்றது?" என்றேன். "மாமா வெளியதான இருக்காரு, அவருக்கு எப்ப வேணா குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைக்குப் போட நீல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாய். அரக்கோணத்தில் பெண் பார்க்கப் போன அன்றுகூட நீ அந்தச் சட்டைக்கு இத்தனை அழுத்தி இஸ்திரி போடவில்லை. "குடுத்து வெச்சவன்டா உன் தோஸ்து, உள்ள உக்காந்துகினே முதல் மரியாதை வாங்கறான்" என்று நான் கிண்டல் பண்ணினேன். நீ சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன், வழக்கம் போல.

நீ கிளம்பிப் போன மறுநாள் எனக்கு ஒரு சம்மன் வந்தது. அடுத்த வியாழக்கிழமை சென்னைக் கோர்ட்டில், இம்தியாஸ் கேஸில், அரசுத் தரப்புச் சாட்சியாக நான் வந்து நிற்க வேண்டும் என்று அதில் போட்டிருக்கிறது. நம் வீட்டில் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு நீ திட்டினாயே ஒரு ஏழாம் சாட்சியை, போலீஸ் கொடுத்த நகலில் பெயரைக் கறுப்பு மையால் அழித்துவிட்டிருந்தார்களே, அது நான்தான். இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், சாட்சி சொல்வதற்கு முன்னால் மகன் எத்தனை முறை பேசினான் என்று போன் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு கேட்பார்களாம். அதனால்தான் எழுதுகிறேன். இதை யார் படித்தாலும் படிக்கட்டும், போஸ்ட்மேன் படிக்கட்டும், போலீஸ் படிக்கட்டும். இதில் எழுதியிருப்பதைத்தான் அங்கேயும் சொல்லப்போகிறேன்.

எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால் உனக்கு அம்மை போட்டபோதே ஆரம்பித்துவிட்டது. உனக்கு ஐந்து வயது, அவனுக்கும் அதே வயது. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் முத்துப் போட்டது. உன் அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நான் அப்போது ஷூ கம்பெனியில் லைனில் நின்றுகொண்டிருந்தேன், லீவு கேட்டால் வேலையே லீவு என்றார்கள். ஷாஹிதா உன்னைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் படுக்கவைத்தாள். நான் மனசு சங்கடப்படுவேன் என்று அவள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகி வைத்தாள், தினமும் உடம்புக்கு வேப்பிலை தடவிவிட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று உன்னைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். நீ அவன் மேல் காலைப் போட்டுக்கொண்டு, "நான் இங்கயே இருக்கேன், நீ வேலைக்குப் போ" என்றாய். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பருப்பைக் கடைகிறேன் பேர்வழி என்று சட்டி உடைகிற மாதிரி கடைந்தேன். அவள் உன்னைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள், நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில்தான் எனக்குப் பொறாமை வரும். அது அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான்.

அதற்கப்புறம் எத்தனையோ. நீ பைக் வாங்கினாய், முதல் ரவுண்டு அவனை வைத்துக்கொண்டு அமிர்திக் காடு வரைக்கும் போனாய், எனக்குக் கிடைத்தது மார்க்கெட் வரைக்கும் ஒரு சவாரி, அதுவும் கத்தரிக்காய்ப் பையோடு. வேலையிலும் அவள்தான் முன்னால். நானும் அவளும் வீட்டில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறோம், ஒரே ஏஜென்ட், ஒரே நூல், ஒரே ஊசி. என் தையலில் பத்துக்கு ஒன்று திரும்பி வரும். அவள் தையலில் ஒன்றும் திரும்பாது. "ஷாஹிதா அக்கா கையில மிஷினு வெச்சிருக்காங்க" என்பான் ஏஜென்ட். "அப்போ என் கையில இன்னாடா வெச்சிருக்கேன், கரண்டியா?" என்று கேட்பேன். சிரிப்பாகத்தான் கேட்பேன். நீ என் வயிற்றில் பிறந்தவன், உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் எதை ரொம்பச் சிரித்துச் சொல்கிறேனோ அதுதான் எனக்கு ரொம்ப எரிகிறது.

பெரிய எரிச்சலுக்கு இப்போது வருகிறேன். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, குழாயடி, ஷாஹிதா எனக்கு முன்னால் குடம் வைத்திருக்கிறாள். "இன்னா அருள் அம்மா, மருமவ ஷோக்கா இருக்கா. கண்ணு மட்டும் உன்னாட்டம் முழிக்குது" என்றாள். "எந்த மருமவ?" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ, உனக்கு இன்னும் போட்டோ காட்டலியா? இம்தியாஸ் போன்ல காட்டினான், நீ பார்த்திருப்பேன்னு..." ரேவதியை நீ விரும்புகிற விஷயம் அவனுக்குத் தெரியும், அவன் அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என் மருமகளை எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள். குடம் நிறைந்து வழிந்து என் காலெல்லாம் நனைகிறது, எனக்குத் தெரியவில்லை. "எனக்கு எதுக்குடி காட்டணும், நான் வெறும் பெத்தவதான. இந்தா கேட்டுக்க, இனிமே உன் ஊட்டு வாசப்படிய நான் மிதிச்சா என்னைச் செருப்பால அடி. ரிஜெக்ட் ஆன செருப்பாப் பார்த்து அடி" என்றேன். குழாயடியில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். எதிரே டீக்கடையில் நின்றிருந்த ஏட்டய்யாவும் சிரித்தார். அன்றிலிருந்து அவள் வீட்டுப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும், நீ வேலைக்குத் திரும்பிப் போயிருந்தாய். காலை ஆறரை மணி, குழாயில் தண்ணீர் வருகிற நேரம். தெருவில் மூன்று வண்டி வந்து நின்றது. சாதாரண சட்டை போட்டவர்கள் இறங்கினார்கள், எல்லோரையும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கச் சொன்னார்கள். நம் ஏட்டய்யா தெருமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த மனுஷனை உனக்குத் தெரியும். சைக்கிள் காணாமல் போனால் டீ குடித்து முடிப்பதற்குள் எடுத்தவன் யாரென்று சொல்லிவிடுவார், புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் இரண்டு பேரையும் வைத்துத் திட்டி, கடைசியில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கு அவர் முகத்தில் அந்த ஆளே இல்லை. இம்தியாஸை முதல் வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு என் கதவைத் தட்டி, "அக்கா, கொஞ்சம் வாக்கா. சாட்சிக்கு ஒரு ஆள் வேணுமாம், பக்கத்து ஊட்டு ஆளா இருந்தா நல்லதாம்" என்றார். "இன்னா ஏட்டய்யா, திருடனா?" என்றேன். "எனக்கே தெரியாதுக்கா. மேலேருந்து வந்திருக்காங்க. இது நம்ம கேஸு இல்ல" என்றார். நம் தெருவில், நம் ஏட்டய்யாவுக்கே தெரியாமல் ஒரு கேஸ்.

ஷாஹிதா வீட்டு வாசலில் ஒரு சின்ன வயசு லேடி ஆபீசர் நின்றிருந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். "உள்ளே வாங்கம்மா, நாங்க என்னென்ன எடுக்கிறோம்னு நீங்க கூடவே இருந்து பார்க்கணும்" என்றாள். அருள், இதை நீ நன்றாகப் படி. அவள் என்னை உள்ளே கூப்பிட்டாள். நான்தான் போகவில்லை. "இந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேம்மா, எனக்கும் இவளுக்கும் ஆவாது" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்து, "சார், இந்தம்மா சண்டையாம், உள்ள வர மாட்டாங்களாம்" என்றாள். உள்ளேயிருந்து ஒரு குரல், "சரி, வண்டிகிட்ட நிக்கச் சொல்லு" என்றது. நான் போய் வண்டி ஓரமாக நின்றேன், ஒருத்தர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது, ஷாஹிதா அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் என்ன ஓடியது தெரியுமா? அவள் வீட்டு வாசலில் எனக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார்கள், அவளை அடுப்படியில் நிற்கவைத்திருக்கிறார்கள், இதுதான் ஓடியது. எழுதவே கூசுகிறது. ஆனால் ஓடியது.

ஒரு பெரிய ஆபீசர் வந்து என் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தார். "பையன் எப்படிம்மா?" என்றார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "என் பெத்த புள்ளையையே எங்கிட்டேருந்து பிரிச்சு அவன் பக்கம் இழுத்துக்கினான் சார், இதுக்கு மேல வேற இன்னா தீவிரவாதம் பண்ணணும்?" என்றேன். அவர் சிரித்தார், டிரைவர் சிரித்தான், நானும் சிரித்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒட்டி முத்திரை வைத்த கவர்கள் நான்கைந்து கொண்டுவந்தார்கள். என்னென்ன எடுத்தோம் என்று நீட்டு நீட்டாக நாலு பக்கம் எழுதின மகஜரைக் கொடுத்து, இங்கே, இங்கே, இங்கே என்று விரல் வைத்துக் காட்டினார்கள். "உங்க பேரு வெளியே வராதும்மா" என்றார்கள். நான் போட்டேன்.

நீ கேட்பாய், எப்படிம்மா படிக்காமல் போட்டாய், அஞ்சாவது வரை படித்தவள்தானே என்று. இருபது வருஷமாக அப்படித்தானடா போடுகிறேன். ஏஜென்ட் ஆட்டோவில் மூட்டையை இறக்குவான், சீட்டை நீட்டுவான், மூட்டையைப் பிரிக்காமல் கையெழுத்துப் போட வேண்டும். பிரித்து எத்தனை ஜோடி இருக்கிறது, எதில் கிழிசல் இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால், "அக்காவுக்கு நம்ம மேல நம்பிக்கை இல்ல" என்று சொல்லி அடுத்த வீட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். அதனால் இந்தத் தெருவில் தைக்கிற பெண்கள் யாரும் கட்டினதைப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. கட்டின கவர், நீட்டின பேனா, காட்டின இடம் என்றால் கை தானாகப் போய்விடும். அந்த மகஜரில், முதல் முதலாக வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து கடைசி வரை நான் கூடவே இருந்ததாகவும், உள் அறைப் பீரோவின் கீழ்த்தட்டில் துணிக்கு அடியில் நோட்டீஸ் கட்டும் பென் டிரைவும் ஒரு பழைய போனும் என் கண் முன்னால் எடுக்கப்பட்டதாகவும் எழுதியிருந்தது. அது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், நீ படித்துக் காட்டியபோது.

அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. இரண்டாவது தடவையும் ஜாமீன் இல்லை என்று ஆனபிறகு நீ அந்தக் குற்றப்பத்திரிகை நகலை எடுத்துக்கொண்டு வந்தாய். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "ம்மா, இது சாதா கேஸா இருந்தா எப்பவோ வெளிய வந்திருப்பான். இது ஊபா, தீவிரவாதக் கேஸுக்குப் போடற சட்டம். இந்தச் சட்டத்துல ஜாமீன் கேட்டா, போலீஸ் எழுதிக் குடுத்தது நெசமா பொய்யான்னு ஜட்ஜு தோண்டிப் பார்க்க மாட்டாரு. பேப்பர்ல இருக்கறத வெச்சுப் பார்த்தா குத்தம் இருக்கற மாதிரி தெரியுதா, அவ்ளோதான், உள்ளயே இரு. வழக்கு நடந்து முடியற வரைக்கும். அது எத்தினி வருஷமோ" என்றாய். அப்புறம் ஒரு பக்கத்தைத் தட்டினாய். "பேப்பர்ல இன்னா இருக்குது பாரு. ஏழாம் சாட்சி. எவனோ ஒரு சோமாறி. கூடவே நின்னு எல்லாத்தையும் பார்த்தானாம். இம்தியாஸப் பத்தி இன்னும் இன்னா சொல்றான் கேளு. 'எதிரி அப்பகுதி இளைஞர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தன் பக்கம் இழுத்து வந்தவர்.' எவன்மா அவன்? நம்ம தெருவுல எவன்?" என்று கேட்டாய். நான் உன் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டேன். கருகின தோசை. நீ அதைப் பார்க்காமல் தின்றாய். நான் சிரிப்பதற்காகச் சொன்ன பேச்சு, சட்டை பேண்ட் எல்லாம் போட்டுக்கொண்டு குற்றப்பத்திரிகைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? பயம் என்று சொன்னால் நீ நம்புவாய், பாதி உண்மையும்கூட. உன்னை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள், உன் போனை எடுத்துக்கொண்டு ஒன்பது மாதம் கழித்துத் தந்தார்கள். ரேவதியின் அப்பா ரயில்வேக்காரர், கவர்மெண்ட் சம்பளம், "பையனோட சிநேகிதம் சரியில்லையே" என்று ஒரு வருஷம் பிடி கொடுக்காமலே இருந்தார். தெருவில் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் உட்கார்ந்து பேசுவது நின்றுபோனது. புதிதாகக் குடி வருகிறவர்களின் போட்டோவையும் ஆதாரையும் ஏட்டய்யா வாங்கிக்கொண்டு போகிறார். முன்னே அவர் வந்தால் பையன்கள் "ஏட்டய்யா, டீ" என்பார்கள், இப்போது அவரைப் பார்த்ததும் போனை அணைத்துப் பாக்கெட்டில் போடுகிறார்கள். அவருக்கும் அது தெரிகிறது. "இப்போ எனக்கு எவனும் எதுவும் சொல்றதில்லக்கா, அப்புறம் நான் இன்னாத்தக் கண்டுபிடிக்கறது" என்று ஒருநாள் என்னிடம் பேஜாராகச் சொன்னார். ஏஜென்ட், போலீஸ் வந்த வீடு என்று ஷாஹிதாவுக்கு மூட்டை போடுவதை நிறுத்திவிட்டான். சண்டையை விட்டுவிட்டு என் மூட்டையில் பாதியை அவளுக்குக் கொடுத்தேன், மதில் மேலாகத்தான். "நீ இருக்கறதாலதான் நான் மூச்சு உட்றேன் அருள் அம்மா" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பயம் அதில் பாதி. மீதிப் பாதியைச் சொல்கிறேன், இதை எந்தக் கோர்ட்டும் கேட்காது, உன்னிடம்தான் சொல்ல முடியும். அவனைக் கொண்டுபோன அந்த முதல் மாதம் நீ வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாய். காலையில் எழுந்தால் என் முகம், ராத்திரி படுத்தால் என் வீடு. பக்கத்து வீட்டில் உன் செருப்பு இல்லை. நீ பிறந்ததிலிருந்து பார்த்தால் அந்த ஒரு மாதம்தான் நீ முழுசாக எனக்கே எனக்கு இருந்தாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அருள். ஒரு பிள்ளை உள்ளே கிடக்கிறான், அவன் தாய் சுவருக்கு அந்தப் பக்கம் அழுகிறாள், நான் இந்தப் பக்கம் உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். நீ அதைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாய். நாலாவது வாரம்தான் புரிந்தது, என் பக்கத்தில் இருந்தது உன் உடம்பு மட்டும்தான் என்று. அதற்குப் பிறகு நீ ஜெயிலுக்கு மனு போட்டுப் போக ஆரம்பித்தாய், பழையபடி சாப்பிட ஆரம்பித்தாய். அவனைப் பார்த்துவிட்டு வந்தால்தான் உனக்குச் சோறு இறங்குகிறது. அதைப் பார்த்து மறுபடியும் எனக்கு எரிந்தது. இப்படி ஒரு தாய் உனக்கு.

கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறாய், ஒன்று சொல்லிவைக்கிறேன். ரேவதிக்கும் ஒருநாள் எரியும். நீ சனிக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போடுகிறபோது அவள் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள், அல்லது என்னை மாதிரி ஏதாவது கிண்டல் சொல்வாள். சிரித்துவிட்டுப் போய்விடாதே. பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்று கேள். என்னிடம் யாரும் கேட்கவில்லை என்று குறை சொல்லவில்லை, கேட்டிருந்தாலும் நான் ஒரு ஜோக் அடித்திருப்பேன். ஆனாலும் அவளிடம் நீ கேள். வெளியே சொல்லாத பொறாமை எங்கே போய் என்ன வேலை பார்க்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சம்மனைப் பற்றிக் கேட்க நீ வைத்த வக்கீலிடம் போக முடியாது, அவர் இம்தியாஸின் வக்கீல். வேலூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி தருகிற இடம் இருக்கிறது என்று ரேஷன் கடையில் ஒருத்தி சொன்னாள், போனேன். உன் வயசுகூட இருக்காது அந்த வக்கீலம்மாவுக்கு. எல்லாவற்றையும் சொன்னேன், குழாயடிச் சண்டை உட்பட. முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை. "போலீஸ் கேட்டதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஆனா சத்தியம் பண்ணி நீங்க இதுவரைக்கும் எதுவும் சொல்லலம்மா. வியாழக்கிழமைதான் முதல் தடவை" என்றாள். "உள்ளே போகலைன்னு சொன்னா என்னை உள்ளே போடுவாங்களா?" என்றேன். "அவங்களுக்குக் கோபம் வரும். உங்களைப் பிறழ் சாட்சின்னு சொல்லுவாங்க, குறுக்குக் கேள்வி கேட்பாங்க, மகன் சொல்லிக் கொடுத்துப் பேசறீங்களான்னு கேட்பாங்க. நடந்ததை நடந்த மாதிரி சொன்னதுக்காக யாரையும் உள்ளே போட முடியாது" என்றாள். "அவன் தப்புப் பண்ணானா இல்லையான்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றேன். "உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "அப்ப தெரியாதுன்னு சொல்லுங்க" என்றாள்.

அதுதான் எனக்குப் பிடித்தது. இம்தியாஸ் எந்தக் கூட்டத்துக்குப் போனான், யாருக்கு என்ன அனுப்பினான், அந்த நோட்டீஸ் கட்டு அவனுடையதா, எனக்குத் தெரியாது. அவன் நல்லவன் என்று சொல்ல என் வாயும் வராது, உன்னை என்னிடமிருந்து பிடுங்கினவனுக்கு நான் ஏன் நற்சான்று கொடுக்க வேண்டும்? ஆனால் பீரோவின் கீழ்த்தட்டை நான் பார்க்கவில்லை. அந்த வாசற்படியைத் தாண்டவில்லை. அது எனக்குத் தெரியும். ஏன் தாண்டவில்லை என்று கேட்பார்கள். ஜட்ஜு முன்னால், டைப் அடிக்கிறவர் முன்னால், என் மருமகள் போட்டோவை அவள் முதலில் பார்த்துவிட்டாள், அந்தப் பொறாமையில் போகவில்லை ஐயா என்று சொல்ல வேண்டும். இத்தனை வயசுக்கு அதைத்தான் என் வாயால் சொல்லப்போகிறேன். சிரித்தால் சிரிக்கட்டும். இதற்காக நாளைக்கே அவனை விட்டுவிடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை, அந்தச் சட்டத்தின் பிடி அப்படி என்று நீதானே சொன்னாய். அவர்கள் பேப்பரிலிருந்து என் கண்ணை மட்டும் நான் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். மீதியை உன் வக்கீல் பார்க்கட்டும்.

இனி நீ செய்ய வேண்டியது. இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே. ஆம்பூருக்கு ஓடி வராதே. என்னைத் திட்ட வேண்டியிருந்தால் வெள்ளிக்கிழமை வந்து திட்டு, உனக்குச் சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு என் பக்கத்தில் நிற்க மனசில்லை என்றால் அதையும் அன்றைக்கே சொல். ஷாஹிதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. முன்கூட்டியே இரண்டு தாய்மாரும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்று ஆகிவிடும். அவளுக்கு எதுவும் தெரியாமலே இருக்க வேண்டும், அதுதான் எனக்குக் கஷ்டம், அவள் இப்போதுகூட மதிலுக்கு அந்தப் பக்கம் என் மூட்டையில் பாதியைத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை நீ எப்படியும் கோர்ட்டுக்கு வருவாய், எந்த வாய்தாவைத் தவறவிட்டாய்? அவளும் வருவாள். சாட்சி சொல்கிறபோது உள்ளே யாரையும் விட மாட்டார்களாம், எல்லோரும் வெளியே வராண்டாவில்தான். நான் தனியாக முதல் ரயிலில் வந்து, படிக்கட்டுப் பக்கம் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்ததும் உனக்கு என்னிடம் வரத் தோன்றும், கோபத்திலோ பாவம் என்றோ. வராதே. நீ என் பக்கத்தில் உட்கார்ந்தால் மகன் சொல்லிக் கொடுத்தான் என்று எழுதிக்கொள்வார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. டவாலி வந்து ஏழாம் சாட்சி என்று கூப்பிடுவான், நான் எழுந்து போவேன். அவள் மகனை உள்ளே வைத்திருக்கிற பேப்பரில் இருப்பது என் கையெழுத்து என்று அவளுக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அவள் எழுந்திருக்கப் பார்ப்பாள், முடியாது. அப்போது அவளுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை இருக்க வேண்டும்.

நீ போய் அவளிடம் உட்கார். கையைப் பிடித்துக்கொள். இத்தனை வருஷமும் நீயாகத்தான் அந்த வீட்டுக்குப் போனாய், என்னைக் கேட்காமல் போனாய். இந்த ஒரு தடவை நான் அனுப்புகிறேன்.

அம்மா